வாசகர் கேள்வி – பதில்: வரைகோட்டின் நிழல்

கேள்வி: பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், வரைபடத்தைக் கொடுத்துச் சார்பகத்தையும் வீச்சகத்தையும் கேட்டால், கோட்டின் இரு முனைகளை மட்டும் பார்த்து இரண்டையும் எழுதிவிடுகிறாள். சார்பகம் பெரும்பாலும் சரியாக வருகிறது; வீச்சகத்தில்தான் மதிப்பெண் போகிறது. அவளுக்கு எப்படி விளக்குவது?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஒரு சார்பில் நாம் உள்ளே கொடுக்கும் மதிப்புகள் எல்லாம் சேர்ந்தது சார்பகம், அவற்றுக்கு விடையாகக் கிடைக்கும் மதிப்புகள் எல்லாம் சேர்ந்தது வீச்சகம். உங்கள் ஊரில் எல்லோரும் விசாரிக்கும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் ஜூன் முதல் நாள் தொடங்கி மே கடைசி நாள் வரையிலான ஓராண்டையும், நிலையச்சில் நீர்மட்டத்தை அடிக்கணக்கிலும் குறித்து ஒரு கோடு வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளில் 52 அடி, கடைசி நாளில் 48 அடி. இடையே வடகிழக்குப் பருவமழையில் அணை நிரம்பி 143 அடியைத் தொட்டது, கோடையில் 40 அடிக்கு இறங்கியது என்றால், சார்பகம் அந்த ஓராண்டு, வீச்சகம் 40 முதல் 143 வரை. உங்கள் மகளின் வழியில் 48 முதல் 52 வரை என்று எழுதினால், அந்தத் தண்ணீரை நம்பிப் பிசானப் பருவ நெல் நடவு செய்தவர் சிரிப்பார். கோடு இடமிருந்து வலமாகவே செல்வதால் முனைகள் சார்பகத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. உயரமோ நடுவழியில் எங்கு வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம்.

ஆகவே முனைகளை மறந்துவிட்டு நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் நேர் மேலோ கீழோ நகர்த்திக் கிடையச்சில் விழச் செய்தால் கிடைக்கும் நிழல் சார்பகம். பக்கவாட்டில் நகர்த்தி நிலையச்சில் விழச் செய்தால் கிடைப்பது வீச்சகம். ஓர் அளவுகோலைக் கிடையாக வைத்துத் தாளின் அடியிலிருந்து மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போய், அது கோட்டைத் தொடும் உயரங்களை மட்டும் குறித்துக்கொண்டால் வீச்சகம் தானாகவே வந்துவிடும்.

அடுத்த சறுக்கல் வெற்று வட்டத்தில் நேரும். நிரப்பிய வட்டம் இட்ட புள்ளி கோட்டில் சேரும், வெற்று வட்டம் இட்ட புள்ளி சேராது. ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கத்தைத் தரும் சார்பை −3 முதல் 3 வரை வரைந்து, இடப்பக்க முனையான (−3, 9) இல் நிரப்பிய வட்டமும், வலப்பக்க முனையான (3, 9) இல் வெற்று வட்டமும் இட்டிருந்தால், 3 சார்பகத்தில் சேராது. அதைக் கண்டதும் பிள்ளைகள் வீச்சகத்திலிருந்து 9 என்பதையும் அடித்துவிடுகிறார்கள், அது தவறு. வலப்பக்கத்தில் விடுபட்ட அந்த உயரத்தை இடப்பக்கத்து நிரப்பிய வட்டம் எட்டியிருக்கிறது. எனவே சார்பகம் −3 முதல் 3 வரை, 3 நீங்கலாக. வீச்சகம் 0 முதல் 9 வரை, இரண்டும் உட்பட. அந்த 0 எந்த முனையிலும் இல்லை என்பதையும் அவளிடம் காட்டுங்கள். முனையில் அம்புக்குறி இருந்தால் கோடு அத்திசையில் முடிவின்றித் தொடர்கிறது என்பது பொருள். தாளின் விளிம்பை எல்லையாகக் கொள்ளக் கூடாது.

கேள்வி: வீச்சகமும் வீச்சும் ஒன்றா? மதிப்பகம் என்று ஒரு நூலிலும் சார்பகம் என்று மற்றொன்றிலும் இருக்கிறதே?
– ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: மதிப்பகமும் சார்பகமும் ஒன்றே, உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். வீச்சும் வீச்சகமும் ஒன்றல்ல. வீச்சு புள்ளியியலில் வருவது, மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் கிடைக்கும் ஒற்றை எண். வீச்சகம் ஒரு கணம், அதாவது மதிப்புகளின் தொகுப்பு. மேலே சொன்ன அணைக் கணக்கில் வீச்சு 103 அடி. வீச்சகமோ 40 முதல் 143 வரை நீர் நின்ற உயரங்கள் எல்லாம்.