புதுச்சேரி குழாய்த் தண்ணி குடிக்கலாமா? கேட்டவங்களுக்கு பதில்

தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவன், தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி: அடுத்த வாரம் குடும்பத்தோட வர்றோம் சார், பீச் பக்கம் ரூம். குழாய்த் தண்ணி குடிக்கலாமா?

அப்படியே குடிக்காதீங்க. நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சது, இல்ல சீல் உடையாத ஐஎஸ்ஐ கேன்.

கேள்வி: அண்ணா, டிடிஎஸ் மீட்டர்ல 380 வருது. 500க்குள்ளதானே, சேஃப்தானே?

இல்ல தம்பி. அந்த மீட்டர் கரைஞ்ச உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது, சாக்கடை கலந்த தண்ணிகூட 380 காட்டும். உப்பு வேற, கிருமி வேற. தண்ணி விடற நேரம் போக மத்த நேரம் பைப் காலியா கிடக்கு, சாக்கடைய ஒட்டி போற எடத்துல ஒரு விரிசல் இருந்தா அழுக்கு உள்ள வந்துரும், இதுல சில பேரு லைன்லயே மோட்டார மாட்டி உறிஞ்சறாங்க, அது தெருவுக்கே கேடு. காலைல முதல் குடம் மஞ்சளா, நாத்தமா வந்தா அதான் காரணம். நீங்க பார்க்க வேண்டியது கிருமியைக் கொல்ற குளோரின். கடைசி வீட்டுக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும். குளோரின் டெஸ்ட் கிட் வாங்கி சொட்டு விடுங்க, மஞ்சள் நிறம் வரலேன்னா குளோரின் இல்ல.

கேள்வி: முத்தியால்பேட்டைல எங்க போர் முன்னாடி நல்ல தண்ணி, இப்ப பருப்புகூட வேகல. இன்னும் ஆழம் போடலாமா?

கண்ண மூடிட்டு போடாதீங்கம்மா. கடலோர மணல்ல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடி வரைக்கும் அது உப்பைத் தள்ளி வைக்கும், அதே கணக்குல மேல ஒரு அடி இறங்குனா கீழேர்ந்து 40 அடி உப்பு ஏறி வரும். எல்லா வீட்லயும் ராத்திரி பகலா மோட்டார் ஓடுனா என்ன ஆகும்? பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே டவுனுக்கு நல்ல தண்ணி உள்ளேர்ந்து, முத்திரையர்பாளையத்துலேர்ந்துதான் கொண்டு வந்தாங்க, பாரதி பூங்கா ஆயி மண்டபம் அந்த ஞாபகமாத்தான் நிக்குது. மொட்டை மாடி மழைத் தண்ணிய வடிகட்டி கிணத்துல இறக்குங்க, அதான் முதல் வேலை.

கேள்வி: எங்க வீட்ல 210தான், அப்ப குடிக்கலாம்ல?

மேல சொல்லிட்டேன். மீட்டர் கிருமியைக் காட்டாது.

கேள்வி: ஆர்ஓ போட்டா எல்லாம் போயிடும், ஏன் சுத்தி வளைக்கறீங்க?

அவசரப்படாதீங்க சார். ஆர்ஓ உப்புத் தண்ணிக்கான மெஷின். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் தர ரெண்டு மூணு லிட்டர வெளிய தள்ளும். டிடிஎஸ் 500க்குக் கீழ இருக்கற எடத்துல ஆர்ஓவ தடை பண்ணச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயமே 2019ல உத்தரவு போட்டுச்சு. உங்க தண்ணியும் அப்படின்னா கிருமியைக் கொல்ற யூவி ஃபில்டரே போதும்.

கேள்வி (அவரே): தண்ணி வீணாப் போனா போகட்டும், என் பிள்ளை உடம்பு முக்கியம்.

முக்கியம்தான், நான் மறுக்கல. ஆனா வீணாப் போற அந்தத் தண்ணி உங்க தெரு நிலத்தடி நீர், அது இறங்குனா உப்பு ஏறும், நாளைக்கு அதே பிள்ளைதான் குடிக்கணும். அதோட ஆர்ஓ தண்ணில குளோரின் இருக்காது, திறந்த பானைல ஊத்தி சொம்ப கையோட விட்டு மொண்டா கிருமி மறுபடி வந்துரும். டிடிஎஸ் 1500, 2000 வந்தா ஆர்ஓ தாராளமா போடுங்க, தள்ளற தண்ணிய தரை கழுவப் பிடிச்சு வைங்க.

கேள்வி: கொதிக்க வெச்சா உப்பு போயிடுமா?

போகாது. ஆவியானா இன்னும் கூடும்.

கேள்வி: கிட்னி கல்லுக்கு எந்தத் தண்ணி?

டாக்டர கேளுங்க.

கேள்வி: 160 காட்டுது...

மீட்டர் கிருமியைக் காட்டாதுங்க, தயவுசெஞ்சு மேல படிங்க.

கேள்வி: அண்ணா, மூணு நாளா வீட்ல எல்லாருக்கும் வயித்தால போகுது, சம்ப் செப்டிக் டேங்க் பக்கத்துல இருக்கு.

முதல்ல ஓஆர்எஸ் கொடுங்க, குழந்தை சோர்ந்து கிடந்தா இப்பவே ஆஸ்பத்திரி. சம்ப்ப காலி பண்ணி தேய்ச்சு கழுவுங்க, செவுத்துல எங்கயாவது கசியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, கசிஞ்சா அத அடைக்காம திரும்ப நிரப்பாதீங்க. நிரப்புனதும் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு, பக்கெட் தண்ணில கரைச்சு தெளிய விட்டு மேல் தண்ணிய மட்டும் ஊத்துங்க, ஒரு மணி நேரம் விடுங்க. அதுவரைக்கும் கொதிக்க வெச்ச தண்ணிதான். குழந்தை எப்படி இருக்குன்னு நாளைக்கு சொல்லுங்க.