பூட்டிய வீட்டு பிளக்கில் யாரோ ஒருவர் கார்: போலீஸுக்குப் போவதா, மின்வாரியத்துக்குப் போவதா?

கேள்வி: கோவை வடவள்ளியில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு. தனித்தனி மீட்டர். போர்ட்டிகோ சுவரில் கார் கழுவும் மோட்டாருக்காக ஒரு 15 ஆம்பியர் பிளக் வைத்திருக்கிறேன். அது எங்கள் மீட்டரில் ஓடுகிறது. மகள் பிரசவத்துக்காக மூன்று வாரம் பெங்களூரு போயிருந்தோம். அந்த நாட்களில் இரவு நேரத்தில் ஒரு எலெக்ட்ரிக் கார் எங்கள் கேட்டை ஒட்டி நின்று, வயரை உள்ளே விட்டு சார்ஜ் போட்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். வழக்கமாக 420 யூனிட் வரும் இடத்தில் இந்த முறை 590. பில் இருமடங்குக்கு மேல். அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கேட்டால், "நாலு யூனிட்தானே சார், ஜிபே பண்ணிடறேன்" என்கிறார். திருட்டு கேஸ் கொடுக்கலாமா? மின்வாரியம் என் மேல் அபராதம் போடுமா? தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "பேசாமல் அதையே சார்ஜிங் பாயிண்டாக ஆப்பில் பதிவு பண்ணுங்கள், மாதம் வருமானம் வரும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நிஜமான ஆபத்து அந்த ஏஜென்ட்டிடமிருந்துதான் வருகிறது. கார்க்காரர் உங்களிடம் எடுத்தது சில நூறு யூனிட்.

முதலில் கணக்கு. 15 ஆம்பியர் பிளக்கில் போடும் சாதாரண சார்ஜர் மணிக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் இழுக்கும். இரவு முழுக்க, பத்து மணி நேரம் என்றால் 25 முதல் 30 யூனிட். "நாலு யூனிட்" என்பது எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சரி, காருக்கு அல்ல. நீங்கள் மூன்று வாரம் வீட்டில் இல்லாமலே 590 வந்திருக்கிறது என்றால், அவர் ஒரு நாள் வந்து போனவர் இல்லை.

யூனிட் நாற்பது சதவீதம்தான் கூடியிருக்கிறது, பில் மட்டும் எப்படி இருமடங்கானது? தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். 500-க்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரையான யூனிட்டுகளுக்குச் சலுகை விலை. 501-வது யூனிட் ஓடிய உடனே அந்தச் சலுகை பின்னோக்கிப் போய்விடும். நீங்கள் முன்பே செலவழித்த யூனிட்டுகளும் கூடுதல் விலைக்கு மாறும். ஆகவே உங்கள் நஷ்டம் அவர் எடுத்த யூனிட்டின் விலை மட்டுமல்ல. பணம் கேட்கும்போது, போன பில்லுக்கும் இந்த பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தையாவது முழுசாகக் கேளுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத மூன்று வாரம் மிச்சமாகியிருக்க வேண்டியதைச் சேர்த்தால் அதற்கு மேலும் கேட்கலாம். யூனிட் விலையைப் பெருக்கி அவர் நீட்டும் தொகைக்குத் தலையாட்டாதீர்கள்.

இப்போது திருட்டு. மின்சாரத் திருட்டு என்றாலே 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவைச் சொல்வார்கள். அது மின்வாரியத்தின் லைனில் கொக்கி போடுபவர்களுக்கும் மீட்டரைத் திருத்துபவர்களுக்கும் எழுதப்பட்டது. உங்கள் வீட்டில் நடந்தது மீட்டருக்குப் பிறகு. வாரியத்துக்கு ஒரு யூனிட்கூட நஷ்டமில்லை. எல்லாம் மீட்டரில் ஓடி, உங்கள் பெயரில் பில்லாகிவிட்டது. அதனால் பிரிவு அலுவலகத்தில், "இது எங்க கேஸ் இல்ல, போலீஸ்ல சொல்லுங்க" என்பார்கள். போலீஸில், "கரண்ட் மேட்டர்னா ஈ.பி.ல போய்ச் சொல்லுங்க" என்பார்கள். இந்த இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில் செருப்புத் தேய்ந்தவர்களை நிறையப் பார்க்கிறேன்.

போலீஸ் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதுதான் எரிச்சல். மின்சாரம் என்பது கையில் எடுத்துப் போகும் பொருள் இல்லை. அதைத் திருட்டு என்று சொல்ல மின்சாரச் சட்டத்தின் துணை வேண்டும் என்ற பார்வையை உச்ச நீதிமன்றம் 1965-லேயே எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் இதே ஓட்டையை 1968 திருட்டுச் சட்டத்தில் தனிப் பிரிவு எழுதி அடைத்தார்கள். யாருடைய மின்சாரமாக இருந்தாலும் அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம். நாம் 2023-ல் தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதினோம், பெயரையும் மாற்றினோம், ஆனால் இதற்கென்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அசையும் பொருளின் வரையறையைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார்கள். அதை வைத்து மின்சாரமும் அடங்கும் என்று வாதாட இடம் உண்டு. வாதாட இடம் உண்டு என்றால் வழக்கறிஞர் செலவும் உண்டு. இன்னொன்று: அந்தப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல்முறை தண்டனை பெறுபவர் மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை மட்டும்தான். அந்தத் தொகைக்கு எஃப்.ஐ.ஆர். போட எந்த ஸ்டேஷனும் ஆர்வம் காட்டாது.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2013-ல் ஒருவர் பள்ளி வளாகத்தில் தன் நிசான் லீஃப் காரைக் கொஞ்ச நேரம் செருகியதற்காக, ஐந்து சென்ட் மின்சாரத்துக்காகக் கைதானார். அந்தச் செய்தி இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதைப் படித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்.

அதனால் புகாரில் "திருட்டு" என்ற சொல்லை முன்னால் வைக்காதீர்கள். "அத்துமீறி நுழைந்தது" என்பதை முன்னால் வையுங்கள். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு. போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். ஆள் முழுதாக உள்ளே வர வேண்டியதுகூட இல்லை. வீட்டுக்குள் உடம்பின் ஒரு பகுதியை நுழைத்தாலே நுழைந்ததாகத்தான் அர்த்தம் என்று சட்டமே சொல்கிறது. கேட் கம்பி வழியாகக் கைவிட்டு பிளக் போட்டிருந்தாலும், "நான் உள்ளேயே வரலையே" என்ற பேச்சு எடுபடாது. ஆனால் அவருக்குக் கெட்ட நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு எளிய வழி: "என் அனுமதி இல்லை, இனிமேல் செய்யக் கூடாது" என்று இன்றே அவருக்கு வாட்ஸப்பில் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

புகாருடன் கார் நம்பர் தெரியும் போட்டோ, தேதி, நேரம், இரண்டு பில்களின் நகல் போதும். நம்பர் பிளேட்டை உற்றுப் பாருங்கள். எலெக்ட்ரிக் வண்டிகளுக்குப் பச்சைப் பலகை. வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. மஞ்சள் என்றால் அவர் உங்கள் மின்சாரத்தில் தொழில் நடத்தியிருக்கிறார். புகாரில் அதையும் எழுதுங்கள். நம்பரைக் கொடுத்தால் உரிமையாளர் முகவரி எடுத்துத் தருகிறேன் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர்கள் இருப்பார்கள். ஐந்து பைசா கொடுக்காதீர்கள். அது போலீஸ் வேலை. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனைவிட்டு வெளியே வராதீர்கள்.

கோபத்தில் அவர் வயரை வெட்டுவது, டயரில் காற்றைப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். சார்ஜிங் கேபிள் விலை உங்கள் நஷ்டத்தைப் போலப் பல மடங்கு. அப்புறம் புகார்தாரர் அவராகிவிடுவார்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் மாடியில் குடித்தனம் இருக்கிறது. அந்தக் கார் மாடி வீட்டாரின் மருமகனுடையதோ, தம்பியுடையதோ என்று விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. வாடகை ஒப்பந்தத்தில் "கார் நிறுத்தும் இடம் உட்பட" என்று எழுதியிருந்தால், போர்ட்டிகோவைப் பயன்படுத்த அவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்கள் வரச்சொல்லி வந்தவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகமாட்டார். "தாராளமா போட்டுக்கோங்க, ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று அவர்கள் சொல்லியிருந்தால் ஸ்டேஷன் புகார் அங்கேயே படுத்துவிடும். ஆனால் இடத்தைப் பயன்படுத்தும் உரிமை வேறு, உங்கள் மீட்டரில் ஓடும் மின்சாரத்தைத் தானம் செய்யும் உரிமை வேறு. இரண்டாவது அவர்களுக்குக் கிடையாது. அப்போது பணத்தைக் கேட்க வேண்டியது மாடி வீட்டாரிடம். ஒப்பந்தத்தில் போர்ட்டிகோவே இல்லை என்றால் பழைய நிலைதான், அவர் அந்நியர்தான். ஒப்பந்தமே எழுதவில்லை, வாய்மொழிதான் என்றால், பல வருஷமாக அவர்கள் வண்டியை அங்கேதான் நிறுத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். எப்படி இருந்தாலும் மாடிக்குப் போகும் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017) அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். முதலில் மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிறகு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

மின்வாரிய அபராதம்? யாரோ உங்களுக்குத் தெரியாமல் எடுத்ததற்கு உங்களுக்கு அபராதம் வராது. இருந்தாலும் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு நடந்ததை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எதற்கு என்றால், நாளைக்கு யாராவது "இந்த வீட்டில் தினமும் வேறு வேறு கார் சார்ஜ் போடுகிறது" என்று மொட்டைக் கடிதம் போட்டால், உங்களிடம் காட்ட அந்த நகல் இருக்கும்.

இனி அந்த ஏஜென்ட். அவர் உங்களிடம் ஒரு தாளைக் காட்டியிருப்பார்: சார்ஜிங் நிலையம் நடத்த மின் விநியோக உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் சொன்ன விளக்கம். தாள் உண்மைதான். அவர் சொல்லாதது மிச்சப் பாதி. உரிமம் வேண்டாம் என்பதற்காக வீட்டுக் கட்டணத்தில் வாங்கிய மின்சாரத்தை ஊருக்கு விற்கலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் சொந்த வண்டியை உங்கள் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம். அதே அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் 2022 ஜனவரியிலேயே அதைத் தெளிவாக அனுமதித்துவிட்டன. பொதுமக்களுக்கு சார்ஜ் போட்டுக் காசு வாங்குவதற்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். வீட்டு இணைப்பில் செய்தால் மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு: அனுமதிக்கப்படாத உபயோகம். உரிய கட்டணம் எதுவோ அதில் இருமடங்கு. எப்போது தொடங்கியது என்று நிரூபிக்க முடியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்கும் போடுவார்கள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். அதற்கும் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்கமாட்டார். கியூ.ஆர். ஸ்டிக்கரும் பதிவுக் கட்டணமும் வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. நோட்டீஸ் வருவது மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. தனி இணைப்பு வேண்டும் என்று உண்மையிலேயே முடிவு செய்தாலும் மின்வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். ஆபீஸ் வாசல் டீக்கடையில் "சீக்கிரம் முடிச்சுத் தரேன்" என்று உட்கார்ந்திருப்பவரும் அதே இணையதளத்தில்தான் விண்ணப்பிக்கிறார். இதை யாரும் ஒரு போர்டில் எழுதிக்கூட மாட்டுவதில்லை.

இதே காரணத்துக்காக, கார்க்காரர் ஜிபே செய்வதாக இருந்தால் குறிப்பில் "சார்ஜிங்" என்று போட விடாதீர்கள். "அனுமதியின்றி எடுத்த மின்சாரத்துக்கு இழப்பீடு" என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள் வாங்கிவிட்டு, பணத்தை ஒரே தவணையில் வாங்குங்கள். மாதாமாதம் சிறு தொகையாக வந்தால் விற்பனை போலவே தெரியும். தர மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் என்று செலவழிக்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுங்கள். இலவச உதவி எண் 15100.

பிளக் விஷயம் எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மதிய வேலை. அந்த பிளக்குக்குப் போகும் வயர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். போர்ட்டிகோ லைட் லைனிலிருந்து இழுத்திருந்தால், பத்து மணி நேரம் கார் இழுத்ததில் உள்ளே இன்சுலேஷன் உருகியிருக்கலாம். காருக்குத் தாங்க வேண்டும் என்றால் நேராக போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். வெளி பிளக்குக்கு மட்டும் தனியாக ஒரு எம்.சி.பி. சுவிட்ச் வீட்டுக்குள் போடச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது அதை மட்டும் இறக்கிவிட்டுப் போங்கள், ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்.