முத்திரை குத்திய மாத்திரை

கேள்வி: விக்டோரியா மகாராணி காலத்து மருந்து டப்பாக்களில் அரசாங்க முத்திரை இருந்ததாமே! அரசே சோதித்து முத்திரை குத்திய அந்தக் காலம், போலி மருந்துகள் மலிந்த இந்தக் காலத்துக்குத் தேவலை என்கிறேன். சரிதானே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ‘தேவலை’ நல்ல சொல். ‘உடம்பு இப்போ தேவலையா?’ என்று கேட்பவர், முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்பதில்லை. நேற்றைக்கு இன்று பரவாயில்லையா என்றுதான் கேட்கிறார். அந்தக் குறைந்தபட்சக் கணக்கில் பார்த்தாலும் விக்டோரியா காலம் தேவலை இல்லை, ஐயா.

உங்களைக் கவிழ்த்தது முத்திரை. அது அரசாங்க முத்திரைதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்தைச் சோதித்ததற்காகக் குத்தியதல்ல, வரி வாங்கியதற்காக ஒட்டியது. 1783-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த மருந்து வரி அது. விக்டோரியா காலத்தில் ஒரு ஷில்லிங் மருந்துக்கு ஒன்றரை பென்ஸ். அதனால்தான் அந்தக் கால விளம்பரங்களில் எல்லாம் 1 ஷில்லிங் 1½ பென்ஸ் என்று விலை போட்டிருக்கும். அந்தக் கால சினிமா டிக்கெட்டில் கேளிக்கை வரி முத்திரை இருந்தது, ஆகவே படம் நன்றாக இருக்கும் என்று யாராவது கொட்டகைக்குள் போனார்களா? மருந்து விஷயத்தில் போனார்கள். வியாபாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முத்திரைத் தாளிலேயே தங்கள் கம்பெனிப் பெயரைப் பொறிக்க வைத்து, அரசு முத்திரையில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். கடைசியில் அரசாங்கமே, இந்த முத்திரை எந்த உத்தரவாதமும் ஆகாது என்று முத்திரையின் மேலேயே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்புறமும் வரியை மட்டும் விடவில்லை. 1941 வரை வாங்கினார்கள்.

இப்படி விற்ற சரக்குக்கு ‘பேடன்ட் மருந்து’ என்று பெயர். அந்தப் பெயரே ஒரு பித்தலாட்டம். பேடன்ட், அதாவது காப்புரிமை, வாங்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் பெரும்பாலோர் செய்யவே இல்லை. எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பீச்சம் மாத்திரையைப் பாருங்கள். தாமஸ் பீச்சம் சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். பிறகு செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் மாத்திரை உருட்டினார். ‘ஒரு டப்பா ஒரு கினி பெறும்’ என்பது அவருடைய வாசகம். கினி என்றால் 21 ஷில்லிங். அவர் கேட்டதோ 1 ஷில்லிங் 1½ பென்ஸ்தான். கொள்ளை மலிவு! 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் டப்பாவைப் பிரித்துச் சோதித்துப் புத்தகமாகப் போட்டது. உள்ளே இருந்தவை மூசாம்பரம் (பேதிக்குக் கொடுக்கும் உலர்ந்த கற்றாழைச் சாறு), சுக்கு, சோப்பு. முதல் இரண்டும் உங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், மூன்றாவது உங்கள் குளியலறையில். 56 மாத்திரைக்கு ஆன சரக்குச் செலவு சுமார் அரை ஃபார்திங். ஃபார்திங் என்பது பென்னியில் கால் பங்கு, ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். விற்ற விலை செலவைப் போல் 108 மடங்கு வருகிறது. நாம் அர்ச்சனைக்கும் ஆம்புலன்ஸுக்கும் வைத்திருக்கிற எண்.

ஹாலோவே என்று இன்னொரு மகானுபாவர். 1837-ல் களிம்பும் பிறகு பேதி மாத்திரையும் விற்க ஆரம்பித்து, விளம்பரக் கடனில் மூழ்கிச் சிறைக்குப் போனார். திரும்பி வந்து மறுபடியும் விளம்பரமே செய்தார். 1842-ல் விளம்பரத்துக்கு 5,000 பவுண்டு, கடைசிக் காலத்தில் வருஷத்துக்கு 50,000. பெரிய பிரபு ஒருவர் குணமான கதையைப் பத்திரிகை பத்திரிகையாகப் போட்டார். இந்தியா உட்பட மாத்திரை போகாத தேசம் கிடையாது. லாபத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டினார். 1886-ல் மகாராணியே வந்து திறந்துவைத்தார். ஊரார் வயிற்றைக் கழுவிக் கட்டிய கல்லூரி என்றாலும் அங்கே பெண்கள் படித்தார்கள். அந்த அளவில் அவருக்கு ஒரு கும்பிடு.

நம் மண்ணில் பிறந்ததும் ஒன்று உண்டு. கோலிஸ் பிரௌன் என்ற பட்டாளத்து டாக்டர் 1848-ல் இந்தியாவில் இருந்தபோது வாந்திபேதிக்காகக் கலக்கிய குளோரோடைன். அபின், கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் சேர்ந்த கலவை. பேதி நின்றது உண்மை. அபின் கொடுத்தால் நிற்கும். பிறகு நோயாளியால் மருந்தை நிறுத்த முடியாமல் போனதும் உண்மை. இது நன்றாக விற்கவே போலிகள் கிளம்பின. திருநெல்வேலியில் எந்த அல்வாக் கடை அசல் என்பதைப் போல வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1864-ல் நீதிபதி, கண்டுபிடித்தவர் பிரௌன்தான் என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான், அந்த நீதிபதி சொன்னது அதற்குப் பின் பல்லாண்டுகள் விளம்பரத்தில் ஓடியது. வரி முத்திரை போதாதென்று நீதிமன்ற முத்திரையும் சேர்ந்தது!

சரி, ஹாலோவேயின் 50,000 பவுண்டு எங்கே போயிற்று? எங்கள் சாதிக்குத்தான் வந்தது. பத்திரிகைக்காரர்களைச் சொல்கிறேன். வாசகர் உண்மையில் நம்பிய முத்திரை நாங்கள் குத்தியது. ‘பேப்பர்லயே போட்டிருக்கான்’ என்பதைவிடப் பெரிய சான்றிதழ் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. லண்டன் ‘டைம்ஸ்’ 1966 வரைக்கும், நம் ‘இந்து’ 1958 வரைக்கும் முதல் பக்கத்தை விளம்பரத்துக்குத்தான் கொடுத்திருந்தன. இந்த மருந்துகளை விசாரிக்க இங்கிலாந்து நாடாளுமன்றம் 1912-ல் ஒரு குழு போட்டது. அதன் அறிக்கை வெளிவந்த தேதி 1914 ஆகஸ்ட் 4. அன்றைக்குத்தான் இங்கிலாந்து ஜெர்மனி மீது போர் தொடுத்தது. அதற்குப் பின் அறிக்கையை யார் படிப்பார்கள்?

ரொம்ப வருஷத்துக்கு முன், உதவி ஆசிரியனாக இருந்த ஓர் இதழில் போலி வைத்தியர்களைக் கிழித்து இரண்டு பக்கம் எழுதினேன். இதழ் வந்தது. என் கட்டுரைக்கு நேர் எதிரே, மாதா மாதம் 5-ஆம் தேதி லாட்ஜில் தங்கி ஆண்மையை மீட்டுத் தருகிறவரின் முழுப்பக்க விளம்பரம். 1954-லேயே அதற்கெல்லாம் தடைச் சட்டம் வந்துவிட்டதே என்று விளம்பர மேலாளரிடம் கத்தினேன். ‘உன் சம்பளம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருது தம்பி’ என்றார். இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இதில் நான் பொறாமைப்படுகிற ஆள் ஒருவர்தான், காசிநாதுனி நாகேஸ்வர ராவ். 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் ஆரம்பித்து, கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். அந்தக் காசில் ‘ஆந்திர பத்ரிகா’ நடத்தினார். தலைவலி மருந்து விற்றுப் பத்திரிகை நடத்தினார் அவர். நாங்கள் பத்திரிகை நடத்தித் தலைவலி வாங்குகிறோம்.

கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன். விக்டோரியா காலத்துச் சரக்கு ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். 1851-ல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்த கிரைப் வாட்டர். அதன் மூலச் செய்முறையில் 3.6 சதவீதம் ஆல்கஹால் உண்டு. லேபிளில் பாம்பை நெரிக்கிற குழந்தை கிரேக்கத்து ஹெர்குலிஸ். என் பாட்டி அதைக் காளிங்கனை அடக்கும் கண்ணன் என்று நினைத்து, காலி பாட்டிலைக்கூடப் பூஜை அலமாரியில்தான் வைத்திருந்தாள். ஹெர்குலிஸ் கதையை விளக்கிச் சொன்னேன். ‘அவனும் கண்ணனைப் பார்த்துத்தான் செஞ்சிருப்பான்’ என்றாள்.