சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புற ஆபரேஷன்தானே, காலைல ஒரு காபி குடிச்சா என்ன?

அப்பாவுக்கு நாளன்னிக்கு டே கேர்ல ஹெர்னியா ஆபரேஷன், அன்னிக்கே வீடு, இதுக்குப் போய் எதுக்குப் பட்டினி, காபி கூடவா கூடாதுன்னு கேட்டிருக்கீங்க. கூடாதுங்க. பால் காபி கூடவே கூடாது.

எங்கப்பாவுக்கும் இதே ஹெர்னியாதான். பாபநாசம் பக்கம் எங்க ஊரு, ஆஸ்பத்திரி தஞ்சாவூர்ல, 8 மணிக்கு ஆபரேஷன்னு மொத பஸ்ஸப் புடிச்சுப் போய்ட்டோம். மயக்க மருந்து டாக்டரம்மா வந்து வாயத் தொறந்து காட்டச் சொன்னாங்க. அப்பா நாப்பது வருஷமா வெத்தலை சீவல் போடுறவரு, ரெண்டு விரல் அளவுக்கு மேல தொறக்க வரல. "காலைல ஏதாச்சும் சாப்ட்டீங்களாய்யா?" "ஒண்ணும் இல்லம்மா, காபி மட்டுந்தான்." நாலரை மணிக்கு நான் குளிக்கப் போன நேரத்துல, வெறும் வயித்தோட எப்படி அனுப்புறதுன்னு அம்மா ஒரு டம்ளர் ஆத்திக் குடுத்திருக்காங்க. அவ்ளோதான், இன்னிக்குக் கிடையாதுன்னுட்டாங்க. சர்ஜன் மத்தியானம் திருச்சி போயிடுவாராம், அதனால அடுத்த வாரம்.

நான் அங்கயே சத்தம் போட்டேன். அவங்க கோவப்படாம உக்கார வச்சு சொன்னாங்க. வயித்துல இருக்கிறது மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணின்னா 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் பரவால்ல, பால் உள்ள போய் திரிஞ்சிடும், அதுக்கு 6 மணி நேரம். முதுகுல ஊசி போட்டு மரக்க வச்சாலும் அது சரியா புடிக்கலன்னா முழு மயக்கம் குடுக்கணும், வாய் தொறக்காதவருக்குத் தொண்டைல குழாய் எறக்குறது லேசு இல்லன்னாங்க.

அந்த அடுத்த வாரம் சரியா குறுவை அறுப்பு. கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொட்டிட்டு காவலுக்குப் படுக்க ஆள் இல்ல, ராத்திரி மழை, நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு திருப்பிட்டாங்க, தார்பாய் குடுக்க ஆள் இல்ல ஆனா மெஷின் வச்சுப் பாக்க மட்டும் ஆள் இருக்கு, இத யார்ட்ட சொல்றது. சரி, அத விடுங்க.

ரெண்டாவது தடவை முதுகு ஊசிலயே நல்லபடியா முடிஞ்சுது. காலு நல்லா ஊனி நடந்து, ஒண்ணுக்கும் போன பிறகுதான் சாயங்காலம் விட்டாங்க. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரம் கித்திரம்னு கையெழுத்து போடக் கூடாது, ராத்திரி கூட ஒரு ஆள் இருக்கணும்னு சொல்லி அனுப்புனாங்க.

நான் டாக்டர் இல்ல, எங்க வீட்ல நடந்தத சொல்றேன், ஒங்க டாக்டர் சொல்ற நேரம்தான் கணக்கு. பிபி, சக்கரை மாத்திரை அன்னிக்குக் காலைல போடணுமா வேணாமான்னு இப்பவே போன் போட்டுக் கேளுங்க. வெத்தலை போடுறவரா இருந்தா அதையும் மறைக்காம சொல்லிடுங்க. அம்மாகிட்டயும் இன்னிக்கே சொல்லி வைங்க.