கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி முழுக்கப் பேதி: சீலியாக் உள்ள மகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் ஈரோடு. 19 வயது மகளுக்கு இரண்டு வருடம் முன்பு எண்டோஸ்கோப்பி செய்து சீலியாக் நோய் என்றார்கள். கோதுமை, மைதா, ரவை எதுவும் தருவதில்லை, நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாதம், ரசம், மோர், அப்பளம், காலிஃபிளவர் வறுவல் மட்டும் சாப்பிட்டாள். வறுவலில் கார்ன்ஃப்ளார் மட்டும்தான் என்று சமையல்காரர் சொன்னார். மூன்று மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் ராத்திரி முழுக்கப் பேதி, விடியற்காலையில் பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஃபுட் பாய்சன் என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இது அலர்ஜி, அட்ரினலின் ஊசி வாங்கி வையுங்கள் என்கிறார் உறவினர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தைச் செரிக்க வைக்கும் மாத்திரை, 200 உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒரு லேப் ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போகிறாள். இது உயிருக்கு ஆபத்தா? கையில் என்ன இருக்க வேண்டும்?

பதில்: ஊசி வேண்டாம். ஓஆர்எஸ் பொடி பாக்கெட் பத்து வாங்கி அவள் பெட்டியில் வையுங்கள். அன்றைக்கு அவளை விழவைத்தது உடம்பிலிருந்து போன தண்ணீரும் உப்பும்தான்.

சீலியாக் அலர்ஜி வகையைச் சேர்ந்தது இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி குளூட்டனைப் பார்த்ததும் சிறுகுடலின் உள்சுவரையே தாக்குகிறது. அந்தச் சுவர் புது டர்க்கி டவல் மாதிரி இழை இழையாக இருக்க வேண்டும். தாக்குதலில் இழை தேய்ந்துபோனால் தண்ணீரை உறிஞ்சாது. நீண்ட நாள் பத்தியமாக இருந்தவர் தெரியாமல் நிறைய குளூட்டன் சாப்பிட்டால் ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி வருவதுண்டு. உங்கள் மகளுக்கு நேரக் கணக்கு பொருந்துகிறது. அட்ரினலின் இதற்கு ஒன்றும் செய்யாது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் அது கோதுமை அலர்ஜி, வேறு நோய், அதற்குத்தான் அந்த ஊசி. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. ஃபுட் பாய்சனாக இருந்திருக்கவும் கூடும். அதே பந்தியில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வயிறு போனதா என்று விசாரியுங்கள். எதுவானாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்.

உயிருக்கு ஆபத்தா என்றால், பெரும்பாலும் இல்லை. சீலியாக் கிரைசிஸ் என்று ஒரு நிலை உண்டு. கடும் பேதியில் பொட்டாசியமும் கால்சியமும் சரிந்து, ரத்தத்தில் அமிலம் கூடி, ஐசியு வரை போகும். நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத சின்னக் குழந்தைகளிடம்தான் அதிகம் பார்க்கிறோம், பெரியவர்களுக்கு அபூர்வம். ஆனால் கிரைசிஸ் வரை போகாத சாதாரண நீரிழப்பே ஈரோட்டு வெயிலில் ஒருவரை விழவைக்கப் போதும்.

சரி, சாப்பாட்டில் எங்கே வந்தது? எல்லோரும் ரசத்தில் போட்ட பெருங்காயத்தைத்தான் சொல்வார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. உண்மைதான், வீட்டில் அரிசி மாவு சேர்த்த பிராண்டாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஒரு அண்டா ரசத்துக்குப் போட்ட காயத்தில் உங்கள் மகளின் இலைக்கு வந்தது துளி. என் சந்தேகம் வறுவல் மேல். காலிஃபிளவர் மொறுமொறுப்பாக நிற்க, கார்ன்ஃப்ளாரோடு ஒரு கை மைதா போடுவது கல்யாணச் சமையலில் சர்வசாதாரணம். பத்து கிராம் மைதாவில் ஏறக்குறைய 800 மில்லிகிராம் குளூட்டன். சீலியாக் உள்ள பெரும்பாலோர் தாங்குவது நாளுக்கு 10 மில்லிகிராம் அளவுதான். அப்புறம் அந்த எண்ணெயைக் கேளுங்கள். காலையில் பூரி பொரித்த அதே சட்டியில்தான் அப்பளமும் பொரிந்திருக்கும். சமையல்காரர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. ‘65 மசாலா’ பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அவரே படித்திருக்க மாட்டார். பாக்கெட் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பந்தி இலைக்கு லேபிள் கிடையாதே.

வீட்டில் அரிசி மாவு எங்கே அரைக்கிறீர்கள்? மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் அரிசியைக் கொட்டினால் முதலில் வரும் மாவில் கோதுமை மாவு கலந்திருக்கும். வீட்டு மிக்ஸி போதும்.

இப்போது ஓஆர்எஸ். இதில்தான் நம் ஊரில் ஏமாற்று அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொடி: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. மெடிக்கலில் ஆரஞ்சு, ஆப்பிள் ருசியில் அட்டைப் பெட்டியில் நிற்கும் இனிப்புத் தண்ணீரில் சர்க்கரை கொள்ளை, உப்பு சொற்பம். பேதியில் அதைக் குடித்தால் பேதி கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகுதான், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சூத்திரம் இல்லாத பானத்துக்கு ஓஆர்எஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என்றது. ஒரு டாக்டர் தெருவில் நின்று கத்தினால்தான் இவர்களுக்குக் காது கேட்கும். பெயரை மாற்றிக்கொண்டு அதே சரக்கு அதே அலமாரியில் உட்கார்ந்திருக்கும், ஆகவே பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்கள் நிறைய, அது ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஒவ்வொரு பேதிக்கும் ஒரு டம்ளர். பொடி கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கலாம். இளநீரில் சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பாதீர்கள்.

பார்லி கஞ்சி மட்டும் கூடவே கூடாது. ‘சூடு, நீர்க்கடுப்பு’ என்றால் நம் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான், ஆனால் பார்லியிலும் குளூட்டன் இருக்கிறது. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களும் பார்லி, கோதுமைதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் காலையில் பாலும் பிரெட்டும் வரும். கேஸ் ஷீட்டில் சீலியாக் என்று எழுதியிருந்தாலும் வரும், ஏனென்றால் கேஸ் ஷீட் சமையலறைக்குப் போவதில்லை. உள்ளே நுழைந்ததும் நர்ஸிடம் சொல்லுங்கள், தட்டு கொண்டுவருபவரிடம் மறுபடி சொல்லுங்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்து நின்றால் தலைசுற்றல், நாலு மணி நேரமாக ஸ்பூன் தண்ணீர்கூடத் தங்கவில்லை, காலில் பலமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, மலத்தில் ரத்தம், குழப்பமான பேச்சு: இதில் ஒன்று இருந்தாலும் 108. அங்கே ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ என்றால் மரியாதையாகக் கேளுங்கள்: “சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சுகர் பார்த்தீர்களா டாக்டர்? சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ போடலாமா?” அவை இரண்டும் உப்பு உள்ள திரவம், வெறும் 5 சதவீத குளுக்கோஸில் உப்பே இல்லை. மயங்கி விழுந்த பெண்ணை ஒரு பரிசோதனையும் இல்லாமல் அனுப்பியிருந்தால் அது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் மகளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனாலும் விரிவாகவே சொல்கிறேன். சீலியாக் உள்ள சிலருக்கு டைப் 1 சர்க்கரை நோயும் சேர்ந்து வரும், இரண்டும் நெருங்கிய சொந்தம். அவர்களுக்கு வாந்தி வந்தால் குளூட்டன்தான் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் குளுக்கோமீட்டர். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட்டதெல்லாம் வாந்தியில் போயிருந்தால் சர்க்கரை இறங்கும், 70-க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பு. ஏறியிருந்தால் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று ஸ்ட்ரிப்பில் பாருங்கள். கீட்டோன் தெரிந்தாலோ, மூச்சு ஆழமாக, வேகமாக ஓடினாலோ வீட்டில் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது, நேரே அவசரப் பிரிவு. “பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லையே” என்று நீண்டநேர இன்சுலினை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. நிறுத்தவே கூடாது, அளவை மாற்றுவது டாக்டர் வேலை. சீலியாக் மட்டும் இருக்கிறது, சர்க்கரை பரிசோதித்ததே இல்லை, இப்போது தண்ணீர்த் தாகமும் எடை குறைவும் இருக்கிறது என்றால் இன்றைக்கே பாருங்கள்.

அந்த லேப் ஏஜென்ட்டுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 200 உணவு டெஸ்ட் பெரும்பாலும் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டெஸ்ட். நீங்கள் வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று காட்டுமே தவிர நோயைக் காட்டாது. அதை நம்பிப் பால், முட்டை, பருப்பு என்று நிறுத்தினால் இருக்கிற எடையும் போகும். செரிக்க வைக்கும் மாத்திரை எதுவும் சீலியாக்குக்கு வைத்தியமாக நிரூபிக்கப்படவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு பரோட்டா சாப்பிட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயம். நடந்தது குளூட்டனா என்று கண்டுபிடிக்க, சீலியாக்குக்கு எடுக்கும் டிடிஜி என்ற ரத்த டெஸ்டும் இப்போது வேண்டாம், ஒரு வேளைச் சாப்பாட்டில் அது ஏறுவது அபூர்வம். வழக்கமான வருடாந்திரச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாஸ்டலில் அவளுக்கென்று தனி தோசைக்கல் கேளுங்கள், சப்பாத்தி போட்ட கல்லில் அவள் தோசை வேண்டாம். ரூம்மேட்டுக்கும் வார்டனுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: சீலியாக் நோய், கோதுமை, பார்லி கூடாது, வாந்தி வந்தால் ஓஆர்எஸ் பொடி பெட்டியின் மேல்தட்டில், இந்த அறிகுறிகள் என்றால் 108, அம்மாவின் நம்பர். அதன் இன்னொரு பிரதி அவள் பர்ஸில்.