யாழ்ப்பாணத்தில எங்க சாப்பிடுறது? கடைப் பேரை விட நாளையும் நேரத்தையும் பாருங்கோ

கேள்வி: "ஆகஸ்ட்ல குடும்பத்தோட சென்னைல இருந்து யாழ்ப்பாணம் வர்றோம், மூணு நாள், நல்லூர் கோயில் பக்கத்துல ரூம் போட்டிருக்கோம். அம்மா சுத்த சைவம், நானும் வீட்டுக்காரரும் எல்லாம் சாப்பிடுவோம், பையனுக்கு எட்டு வயசு, காரம் சுத்தமா ஆகாது. நெட்ல பாத்தா எல்லாரும் அதே நாலு கடையத்தான் சொல்றாங்க. நண்டுக் கறியும் ஒடியல் கூழும் சாப்பிடாம திரும்பக்கூடாதுன்னு ஆசை. எங்க போனா நல்லா இருக்கும்?"

பதில்:

நீங்கள் வாறது ஆகஸ்ட், நிக்கிறது நல்லூரடி. இந்த ரெண்டும் சேர்ந்ததில உங்கட கேள்விக்கு நான் வழக்கமா சொல்லுற பதிலே மாறிப்போகுது. நல்லூர்க் கந்தன்ர திருவிழா 25 நாள், ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் கொடியேறும், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம், அனேகமா ஆகஸ்ட்டை ஒட்டித்தான் வரும். அந்த நாளில கோயிலைச் சுத்தி மச்சச் சாப்பாடு, அதாவது மீன், இறைச்சி, தேடுறது வீண் வேலை, கோயிலடி றோட்டுகளும் பூட்டிக் கிடக்கும், அது மட்டுமில்லை, கனக்க சைவ வீடுகளில அந்த 25 நாளும் மச்சம் காய்ச்சவே மாட்டினம். அதால முதல்ல கலண்டரை எடுத்து உங்கட மூண்டு நாளும் கொடியேத்தத்துக்கும் தீர்த்தத்துக்கும் இடையில விழுதோ எண்டு பாருங்கோ. விழுந்தா உங்கட அம்மாவுக்குக் கொண்டாட்டம், உங்களுக்குக் கொஞ்சம் அலைச்சல். அதோட வெள்ளிக்கிழமையும் பாருங்கோ, திருவிழா இல்லாட்டிலும் வெள்ளியில இஞ்ச கன பேர் சைவம்தான். போயா, அதாவது பௌர்ணமி நாளில இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் நாடு முழுக்கப் பூட்டு.

எல்லாரும் அதே நாலு கடையைச் சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. யாழ்ப்பாணத்துச் சனம் நல்ல சாப்பாட்டுக்குக் கடைக்குப் போற சனம் இல்லை. கடைக்குப் போறது தேத்தண்ணிக்கு, வடைக்கு, கறி வைச்சுச் சுருட்டிப் பொரிச்ச ரோல்ஸுக்கு, இரவில கொத்து ரொட்டிக்கு, ரவுணுக்கு, அதாவது டவுனுக்கு, அலுவலா வந்தா மத்தியானச் சோத்துக்கு. நண்டு, கணவாய், சுறா வறை, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கூழ் இதெல்லாம் வீட்டுச் சமையல். ஊரில ஞாயிற்றுக்கிழமை நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கி அடிச்சுப் பங்கு போடுவினம், பங்கிறைச்சி எண்டு சொல்லுறது, அந்த ருசியை மெனு கார்ட்டில தேடினா எங்க கிடைக்கும்? அதால நீங்கள் கேட்ட ரெண்டு சாமானுக்கும் கடைப் பேர் தேடுறதை விட்டுப்போட்டு, தங்குற இடத்து வீட்டுக்காரரோட முதலே கதைச்சு வைக்கிறதுதான் வழி. விருந்தினர் விடுதி நடத்துற கன பேர் ஒரு நாள் முன்னம் சொன்னா சமைச்சுத் தருவினம், இல்லாட்டி சமைச்சுக் குடுக்கிற வேற ஆளைக் காட்டிவிடுவினம்.

முதல்ல அம்மாவின்ர விசயம், அது சுகமான விசயம். ரவுணில பெரியகடைப் பக்கம், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட மலாயன் கபே இருக்கு. எல்லாரும் சொல்லுற அந்த நாலில அதும் ஒண்டாத்தான் இருக்கும், இருந்தாலும் போங்கோ. பளிங்குக்கல் மேசை, கண்ணாடி போட்ட பழைய மர அலுமாரி, வாழையிலையில சோறு. சாப்பிட்டு முடிய இலையை நீங்களே மடிச்சுக் கொண்டுபோய்க் கை கழுவுற இடத்தில இருக்கிற துவாரத்துக்குள்ள தள்ளிவிடவேணும், மேசையில விட்டிட்டு எழும்பினா பக்கத்து மேசைக்காரர் ஒரு பார்வை பாப்பினம். போனா பன்னிரண்டரைக்குப் போங்கோ. ரெண்டு மணிக்குப் போயிட்டு கறி முடிஞ்சுது எண்டு குறை சொல்லுறதில நியாயமில்லை, இஞ்ச எந்தச் சோத்துக் கடையும் அப்பிடித்தான்.

மற்றது திருநெல்வேலியில அம்மாச்சி உணவகம், உங்கட ஊர்த் திருநெல்வேலி இல்லை, யாழ்ப்பாணத்திலயே அந்தப் பேரில ஒரு இடம் இருக்கு. மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கினது, பெண்கள்தான் நடத்தினம், ஒவ்வொரு தட்டிலயும் ஒவ்வொருத்தர் நிண்டு கண்ணுக்கு முன்னால செய்து தருவினம், சைவம் மட்டும், விலையும் குறைவு. அங்க போய்த் தோசைதான் நல்லா இருக்கு எண்டு தோசையோட நிக்காதேங்கோ, சென்னையில இல்லாத தோசையா? குரக்கன் (கேழ்வரகு) புட்டு, அரிசிமா இடியப்பம், உழுத்தம் களி மாதிரி என்ன இருக்கோ அதைக் கேட்டு எடுங்கோ. தட்டை நீங்களே வாங்கிக் கொண்டுவந்து இருக்கிற முறை, கூட்ட நேரத்தில அம்மாவை முதல்ல ஒரு கதிரையில இருத்திப்போட்டுப் போய் வாங்குங்கோ.

ஆனா ஒண்டு, சுத்த சைவம் எண்டா மாசியைக் கவனிக்கவேணும். மாசி எண்டது காஞ்ச மீன், இலங்கை முழுக்க சம்பலுக்குள்ள இடிச்சுப் போடுவினம், பாத்தாத் தெரியாது, மணத்தில மட்டும் பிடிபடும். சைவக் கடைகளில பயமில்லை. மச்சமும் விக்கிற கடையில, ஹோட்டல் பஃபேயில, பேக்கரியில சீனிச் சம்பல் வைச்ச பணிஸ் (பன்) வாங்கேக்க எல்லாம் "மாசி போட்டதோ?" எண்டு ஒருக்கா வாய் திறந்து கேளுங்கோ. மரக்கறி ரோல்ஸும் மட்டன் ரோல்ஸும் ஒரே எண்ணெயில பொரியிற கடைகளும் கன இருக்கு, அம்மாவுக்கு அது சரிவராது எண்டா சைவக் கடையில உளுந்து வடை, போண்டா, சூசியத்தோட நிப்பாட்டுங்கோ.

இனி நேரம். காலமை எட்டு, எட்டரைக்கு முன்னம் இடியப்பம், சொதி எண்ட தேங்காய்ப்பால் குழம்பு, சம்பல். மத்தியானம் சோறு. பின்னேரம் நாலுக்குப் பிறகுதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள சூடான சாமான் வந்து விழும், மட்டன் ரோல்ஸ் தின்னுற நேரம் அதுதான், காலமை பத்து மணிக்கு அதே பெட்டிக்குள்ள இருக்கிறது எப்ப பொரிச்சது எண்டு ஆருக்கும் தெரியாது. இரவைக்குப் புட்டு, அப்பம், கொத்து. உங்கட ஊர்க் கொத்துப் பரோட்டாவை நினைச்சுக்கொண்டு வராதேங்கோ, இஞ்ச ரொட்டியை இன்னும் பொடியாக் கொத்தி, கறிக் குழம்பை விட்டுப் பிரட்டுவினம், உறைப்பும் சரியான உறைப்பு. ஐஞ்சு சந்திப் பக்கம் முஸ்லிம் ஆக்களின்ர கடையளும் இருக்கு, நல்லூரில மச்சம் இல்லாத நாளில நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு ஓட்டோவைப் பிடிச்சு அங்கால போயிட்டு வரலாம்.

நண்டுக்கு வருவம். யாழ்ப்பாணத்து நண்டுக்கறி எண்டு உலகம் முழுக்கப் பேர் வாங்கினது பெரும்பாலும் நீலக்கால் நண்டு, பரவைக் கடலில வலையில படுறது. பெரிய ஹோட்டல்களிலயும் கிடைக்கும், குறை சொல்லுறதுக்கில்லை, ஆனா வெளிநாட்டு ஆக்களை நினைச்சுக் கையைக் கட்டித்தான் தூள் போடுவினம். நான் சொல்லுற வழி, விடியவே வெளிக்கிட்டுப் பாசையூர் அல்லது குருநகர் மீன் சந்தைக்குப் போங்கோ, அந்த ஊர்கள் கடற்றொழில் ஊர், பெரும்பாலும் கத்தோலிக்க ஆக்கள், அதால நல்லூர்த் திருவிழா நடந்தாலும் அங்க சந்தை நடக்கும், சமைச்சுத் தர ஆளும் பிடிக்கலாம். நண்டைக் கையில தூக்கிப் பாருங்கோ, அளவுக்குப் பாரமா இருக்கவேணும், வயித்துப் பக்கத்தை அமத்தினா உள்ளுக்குப் போகக்கூடாது. நிலவு காலத்து நண்டில சதை இராது, இருட்டுக்குத்தான் நண்டு எண்டு கடற்கரையில சொல்லுவினம், விக்கிறவரிட்டயே கேளுங்கோ, கன பேர் உண்மையைத்தான் சொல்லுவினம். வயித்துக்கு வெளிய மஞ்சள் முட்டை தள்ளிக்கொண்டு நிக்கிற நண்டு மலிவாத் தந்தாலும் வேண்டாம், அதுகளைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கடல் வெறுமையாகுது.

சமைக்கிறவைக்கு நீங்கள் ஒண்டும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை, ஒண்டே ஒண்டைத் தவிர, "எங்களுக்காகத் தூளைக் குறைக்காதேங்கோ, பிள்ளைக்கு வேற இருக்கு" எண்டு சொல்லுங்கோ. வறுத்து இடிச்ச யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள், உள்ளி (பூண்டு), பெருஞ்சீரகம், புளி, தேங்காய்ப்பால், இறக்கப் போகேக்க ஒரு பிடி முருங்கையிலை போட்டு உடன மூடுறது. அந்த முருங்கையிலை மணம் இல்லாட்டி அது வேற ஊர்க் கறி. சோத்தோட சாப்பிடாதேங்கோ, புட்டோட சாப்பிடுங்கோ, புட்டுத்தான் அந்தக் குழம்பைக் குடிக்கும். மிஞ்சினதை வைச்சு அடுத்தநாள் காலமை பாணோட (பிரெட்) தின்னுறது நண்டுக் கறியை விட ருசி எண்டு சொல்லுற கட்சியும் ஒண்டு இருக்கு, நான் அந்தக் கட்சிதான்.

ஒடியற்கூழ் இன்னும் கஷ்டம். சில கடையில சனி, ஞாயிறில செய்யிறவை, ஆனா கூழ் எண்டது ரெண்டு பேருக்கு ஒரு கோப்பை எண்டு வைக்கிற சாமானில்லை. பெரிய பானை வேணும், நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, கொஞ்சம் அரிசி, இவ்வளவும் அவிஞ்சு வர, புளியும் அரைச்ச செத்தல் (காய்ஞ்ச) மிளகாயும் சேர்த்து, கடைசியா ஒடியல் மாவைக் கரைச்சு விட்டுத் தடிக்கப் பண்ணுறது. ஒடியல் எண்டது பனங்கிழங்கைப் பச்சையாக் கிழிச்சுக் காயவைச்சது, அதின்ர மாவில ஒரு கைப்பு இருக்கும், முதலே தண்ணியில ஊறவிட்டு மேல் தண்ணியை வடிச்சு விடவேணும். இந்த வேலையை அவசரத்தில செய்தவையின்ர கூழ் தொண்டையில தெரியும். அதால ஆருக்கும் உடன போய் "இண்டைக்கு இரவு கூழ் வேணும்" எண்டு கேக்காதேங்கோ. வந்து இறங்கின அண்டைக்கே சொல்லி மூண்டாம் நாளுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ, ஆறு, ஏழு பேருக்கு எண்டு சொல்லுங்கோ, சமைக்கிற வீட்டுக்காரரும் சேர்ந்து குடிப்பினம், அதுதான் அதின்ர முறையும். பலாவிலையைக் கோலித் தந்தா அதில குடிங்கோ, கரண்டி கேக்காதேங்கோ. மத்தியான வெயிலுக்க சுடச்சுடக் குடிச்சு வேர்த்து விறுவிறுத்துப்போய், பிறகு ஒரு ரெண்டு மணித்தியாலம் எங்கயும் போறதாத் திட்டம் போடாதேங்கோ. அம்மாவுக்கும் ஒரு வழி இருக்கு, மீன் போடாம மரக்கறியை மட்டும் போட்டுச் சைவக் கூழ் காய்ச்சுறவை இருக்கினம், வேற பானையில வைக்கச் சொல்லவேணும், காசு கொஞ்சம் கூடப் போகும்.

பெடியனுக்கு? சொதி எண்டா பால் தானே எண்டு நினைச்சுக் குடுத்திடாதேங்கோ, அதுக்குள்ள பச்சை மிளகாய் கிடக்கும், சில வீட்டில கனக்கவே கிடக்கும். முதலே சொன்னா மிளகாய் இல்லாம வைப்பினம். சூடான புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் பிசைஞ்சு குடுங்கோ, இஞ்சத்தைப் பிள்ளையள் அப்பிடித்தான் வளருதுகள். பாலப்பம் கட்டாயம் பிடிக்கும். பின்னேரம் நல்லூரடி ரியோ ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, கோயிலால வாற சனம் முழுக்க அங்கதான் நிக்கும், திருவிழா நாளில இருக்க இடம் கிடைக்காது, அதால அஞ்சு மணிக்கு முன்னம் போங்கோ. திருவிழா எண்டா றோட்டு நீளத்துக்குக் கச்சான் (வேர்க்கடலை) கடையும் இருக்கும், சூடா வறுத்ததா எண்டு கேட்டு வாங்குங்கோ. ஒண்டுமே சரிவராட்டி நல்லூருக்குக் கிட்ட மாங்கோஸ் எண்ட சைவக் கடை இருக்கு, உங்கட ஊர்ச் சாப்பாடுதான், பிள்ளைக்கு ஒரு நேரம் பறவாயில்லை, ஆனா நீங்கள் அங்க போய் மூண்டு நேரமும் சாப்பிட்டா பிளேன் காசு வீண்.

ஒரு நாளை வடமராட்சிக்கு, குடாநாட்டின்ர வடகிழக்குப் பக்கத்துக்கு, ஒதுக்குங்கோ. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் எண்டே பேர், கோயிலைச் சுத்தியிருக்கிற மடங்களில மத்தியானம் சாப்பாடு போடுவினம், அம்மாவை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ, எந்தச் சைவக் கடையும் அந்தச் சோத்துக்குக் கிட்ட வராது, உண்டியலில ஏதும் போட்டால் சரி. அங்கால பருத்தித்துறை. பருத்தித்துறை வடை தட்டையா, மொறுமொறு எண்டு, நாள்கணக்கா வைச்சுத் தின்னக்கூடியது, சூட்டோட வாங்கினா ஒரு ருசி, ஆறினா இன்னொரு ருசி. நயினாதீவுக்குப் போறதெண்டாலும் அம்மன் கோயில் அன்னதானம் இருக்கு, அந்தத் தீவுக்கு வள்ளம் ஏறுற குறிகட்டுவான் துறையில வள்ளம் பாத்து நிக்கேக்க வாங்கித் தின்னச் சின்னச் சின்னச் சாமான்தான் கிடைக்கும், பெடியனுக்கு ஏதும் கட்டிக்கொண்டு போங்கோ.

ஆகஸ்ட்டில கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முடியிற நேரம், கண்டா விடாதேங்கோ. பனங்காய்ப் பணியாரம் கிடைக்கிற நேரம் அதுதான், சந்தைப் பக்கம் ஆச்சிமார் வைச்சிருப்பினம். வெயிலுக்குத் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம் ஒரு போத்தல் வாங்கித் தண்ணியில கலந்து குடியுங்கோ. குடிதண்ணியைப் போத்தலிலயே வாங்குங்கோ, இஞ்சத்தைக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, பழகாத வயித்துக்குப் பிடிக்காம விடலாம். சின்னக் கடையளில கார்ட் எடுக்க மாட்டினம், கையில காசு வைச்சிருங்கோ.

கொண்டுபோறதெண்டா ரவுண் சந்தையில குட்டான் எண்ட ஓலைப் பெட்டியில கட்டின பனங்கட்டி (கருப்பட்டி), அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கான புழுக்கொடியல், வறுத்த தூள், ஒடியல் மா. தூளை ரெண்டு பையில போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி உங்கட உடுப்புப் பெட்டி முழுக்க மணக்கும். வடையை மட்டும் கையில கொண்டுபோற பையில வையுங்கோ, பெட்டிக்குள்ள போட்டா சென்னையில இறங்கேக்க தூளாத்தான் இருக்கும்.