வெயிலில் பன்றி எடை போடவில்லை, வளர்ச்சி ஊசி போடலாமா?

கேள்வி: 35 வெண்பன்றிகள் வைத்திருக்கிறேன், தகரக் கொட்டகை. பங்குனியிலிருந்து தீவனத்தைப் பாதி மிச்சம் வைக்கின்றன, 60 கிலோவிலேயே நிற்கின்றன. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் ஒரே மாதத்தில் தேறிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா சார்?

பதில்: போட வேண்டாம். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் நாளைக்கு மறுபடியும் வந்து நிற்பார்.

பன்றிக்கு வியர்வைச் சுரப்பி பேருக்குத்தான். உடம்பை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேகமாக மூச்சு வாங்க வேண்டும், சூட்டை வெளியே தள்ள அதற்கு வேறு பெரிய வழி கிடையாது. 60 கிலோ பன்றிக்கு இதமான வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான், 25-ஐத் தாண்டினாலே தீனி குறையத் தொடங்கும், உங்கள் தகரத்துக்குக் கீழே மதியம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பாருங்கள். தின்றதைச் செரிக்கும்போதும் உடம்பில் சூடு கிளம்பும் என்பதால் அது தின்பதையே குறைத்துக்கொள்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஊசிக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. சோமாடோட்ரோபின் என்ற பன்றி வளர்ச்சி ஹார்மோன் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்று பயன்பாட்டுக்கு வந்தது, கொழுப்பைக் குறைத்துச் சதையைக் கூட்டும். வெயிலில் வளரும் பன்றிக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேரலாம் என்பதால் கேட்கும்போது பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அது புரதம், தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும், அதனால் ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் தினமும் குத்த வேண்டும். 35 பன்றியைத் தினமும் துரத்திப் பிடிக்கிற போராட்டமே அவற்றுக்குப் போதும்! அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஹார்மோன் தீனியை இன்னும் குறைக்கும், உடம்புக்குள் உண்டாகும் சூட்டை ஏற்றும், அதே நேரத்தில் சதை கட்ட புரதமும், புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலமும் கூடுதலாகக் கேட்கும். பாதித் தீவனம் தின்கிற பன்றி அதற்கு எங்கே போகும்? அமெரிக்காவிலேயே பன்றியை வளர்க்க ஹார்மோன் கொடுக்க அனுமதி கிடையாது. லேபிளும் உரிம எண்ணும் இல்லாமல் இங்கே கைமாறுகிற குப்பியில் என்ன இருக்கிறதோ, அதை யார் பார்த்தார்கள்.

அந்தக் காசைத் தண்ணீர் வசதிக்குப் போடுங்கள். முதலில் பன்றி தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளில் ஒரு பாத்திரத்தை வைத்து அளந்து பாருங்கள், நிமிடத்துக்கு ஒரு லிட்டராவது வர வேண்டும். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் மதியம் வருவது கொதிதண்ணீர், பன்றி அதை ஒரு வாய் வைத்துவிட்டு விலகிவிடும், தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். தொட்டிக்கு நிழல் போடுங்கள், குழாயை மண்ணில் புதையுங்கள். அப்புறம் 11 மணியிலிருந்து 4 மணி வரை அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் பன்றிகள் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு நிறுத்திவிடுங்கள், தோலில் இருக்கும் ஈரம் காயும்போதுதான் சூடு இறங்கும், அதனால் காற்றோட்டம் வேண்டும். பக்கவாட்டில் சாக்குப் படுதா கட்டி அடைத்துவிட்டுத் தெளித்தால் கொட்டகை இட்லிப் பானையாகிவிடும். தகரத்துக்கு மேலே சுண்ணாம்பு அடித்துத் தென்னங்கீற்று போடுங்கள்.

தீவனம் விடிய 5 மணிக்கும் இரவு 7-க்கு மேலும். தவிட்டைக் கொஞ்சம் குறையுங்கள், நார் அதிகமானால் செரிமானச் சூடும் அதிகம், அதற்குப் பதிலாக 2 சதவீதம் எண்ணெய் கலக்கலாம். ஓட்டல் மிச்சம் போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, போட்டால் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான்.

படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால் அந்தப் பன்றி தத்தளிக்கிறது. சுருண்டு விழுந்ததன் மேல் ஐஸ் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சாதாரணத் தண்ணீரைக் கால், வயிறு, கழுத்து என்று ஊற்றி விசிறிவிடுங்கள்.

இத்தனையும் செய்து ஒரு வாரத்தில் தீனி ஏறாவிட்டால் விடிகாலைக் குளிர்ச்சியில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்திலும் 40 டிகிரிக்கு மேல் காட்டினாலோ, காது, வயிறு செவந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தொற்றுநோயாக இருக்கலாம் என்பதால் அவர் வரும்வரை ஒரு பன்றியும் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது.